பொள்ளாச்சி இன்னோவாவா, பாலக்காட்டு எர்டிகாவா? ஒரு டீச்சரின் கேள்விக்குப் பதில்

டீச்சர், உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு கேரளா எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில். நீங்கள், சார், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், உங்கள் அம்மா என்று ஏழு பேர். இருக்கிற வேகன்ஆரில் எல்லோரும் ஏற முடியாது. மாசத்துக்கு ஒரு தடவை பழனி, அவ்வப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரி, வருஷத்தில் ஒரு நீளப் பயணம். மற்றபடி ஸ்கூலுக்கும் பக்கத்து பாலக்காட்டுச் சித்தூருக்கும்தான் ஓட்டம். மாசம் எழுநூறு கிலோமீட்டர் வந்தால் அதிகம். கையில் ஆறு லட்சம். பொள்ளாச்சியில் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் ஒன்றில் ஒரு இன்னோவா ஜி.எக்ஸ். பார்த்திருக்கிறீர்கள்: 2011 நவம்பரில் பதிவானது, டி.என்.41, மூன்றாவது ஓனர், மீட்டரில் 1,38,000, கேட்கிற விலை 5.75 லட்சம். பாலக்காட்டில் ஒரு எர்டிகா டீசல்: 2014, கே.எல்.09, ஒரே ஓனர், 92,000 கிலோமீட்டர், 5.40 லட்சம். சாருக்கு இன்னோவா மேல் ஆசை, உங்களுக்குப் பயம்.

என் பதில் எர்டிகா. இன்னோவா மோசமான வண்டி என்பதால் இல்லை. பழைய வண்டியில் இன்னோவா அளவுக்கு உழைக்கிற குடும்ப வண்டி நம் ஊரில் வேறு கிடையாது, பட்டறை வைத்திருக்கிற என் கண்ணில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அந்த குறிப்பிட்ட இன்னோவாவை, அந்த விலைக்கு, எல்லை தாண்டி வாங்கி, மாசம் எழுநூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு உங்கள் வீட்டில் காரணம் இல்லை.

முதலில் பேப்பர். வண்டி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைத்தான் கேட்கிறார்கள்; ஆர்.சி. எந்த மாசத்தோடு முடிகிறது என்று கேட்பதில்லை. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். நீங்கள் பார்த்த இன்னோவாவுக்கு அது 2026 நவம்பரில் தீர்கிறது. அதற்குப் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால், ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். கார்களுக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது; 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 வயசு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். கட்டணம் சின்ன விஷயம்தான். அதோடு வரியும் சேரும். 15 வயசு தாண்டிய தனியார் வண்டிகளின் வரியைக் கேரள அரசு 2025-26 பட்ஜெட்டில் ஐம்பது சதவீதம் ஏற்றியது. டெஸ்டுக்குக் கொண்டுபோகும் முன் டிங்கரிங், பெயிண்ட், டயர், லைட், ஹேண்ட் பிரேக் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பழைய இன்னோவாவை டெஸ்டுக்குத் தயார் செய்யப் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அந்தத் தயாரிப்புக்குக் கொடுக்கிறார்கள்.

இது கேரளா வண்டியாக இருந்தாலும் உள்ள செலவு. டி.என். வண்டியை இங்கே கொண்டுவருவதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. விற்கிறவர் தன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். அது வர, கட்டாத அபராதம் எதுவும் நிற்கக் கூடாது. பழைய லோன் இருந்தால் பேங்க் லெட்டரோடு ஃபார்ம் 35 போட்டு, ஆர்.சி.யில் இருக்கும் லோன் குறிப்பு (ஹெச்.பி.) கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பிறகு இங்கே ஃபார்ம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம், ஃபார்ம் 27 போட்டுப் புது நம்பர், இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி. நம்பர் மாற்றச் சட்டத்தில் 12 மாசம் இருக்கிறது என்று கன்சல்டிங்காரர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவு அது, பொய் இல்லை. ஆனால் வரியைக் கட்டவும் ஒரு வருஷம் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த வண்டியின் நம்பரையும் பதிவுத் தேதியையும் எடுத்துக்கொண்டு சித்தூர் ஆபீசுக்குப் போய், மிச்சக் காலத்துக்கு எவ்வளவு, 2026 நவம்பருக்குப் பிறகு எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்குத் திரும்பக் கேட்கலாம் என்றும் சொல்வார்கள். 14 வருஷம் ஓடிய வண்டிக்கு அதில் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும்.

பொள்ளாச்சிப் பக்கத்து இன்னோவாக்களில் முன் பம்பருக்கு மேல் கிராஷ் கார்டு என்று ஒரு கம்பித் தடுப்பு மாட்டியிருப்பார்கள், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. கோபாலபுரம் தாண்டி டெஸ்டுக்கு வரும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் பம்பரில் ஓட்டை தெரியும், பம்பர் செலவு உங்களுடையது. சின்னச் சின்னதாக இப்படித்தான் ஏறும்.

மூன்றாவது ஓனர் என்பதையும் கவனியுங்கள். ஆர்.சி.யில் இருக்கிற பெயர் யாருடையது? கன்சல்டிங்காரருடையதா, இரண்டாவது ஓனருடையதா, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று ஃபார்ம் மட்டும்தான் கடையில் இருக்கிறதா? வெற்று ஃபார்ம் வைத்துக் கைமாறும் வண்டியில் எல்லோருக்கும் ஆபத்து. பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஆர்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராதத்தைத் தனியாகப் பாருங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளாவில் ஏ.ஐ. கேமரா வந்தபிறகு, வாளையாறு தாண்டி அடிக்கடி வந்துபோன டி.என். வண்டிகளுக்கு ஓனருக்கே தெரியாத அபராதங்கள் நிற்பது சகஜம்.

எர்டிகாவுக்கு இந்தக் கதை எதுவும் இல்லை. கே.எல். வண்டி, பெயர் மாற்றம் மட்டும். ஆர்.சி. 2029 வரை ஓடும். அந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டும் ஒரே விலை என்றாலும், நான் எர்டிகா பக்கம் சாய்வேன்.

இப்போது வீட்டுப் பெரியவர்கள். உங்கள் கேள்வியில் ஒரு வரி ஓரமாக வந்தது: மாமியாருக்கு முழங்கால் வலி. என் கணக்கில் அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். இன்னோவா சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி, தரை உயரம். படி வைத்து, கைப்பிடி பிடித்து ஏற வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் அதைவிடச் சுகமான நடு சீட் இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. எர்டிகா ஸ்விஃப்ட் வழியில் வந்த வண்டி. தரை தாழ்வு, கதவைத் திறந்து பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பழனி அடிவாரத்தில் கூட்டத்தில் அவசரமாக இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

எர்டிகாவின் பின் சீட்டு பெரியவர்களுக்கு ஆகாது. அதை மறைக்கவில்லை. முட்டி நெஞ்சைத் தொடும், பக்கத்து ஜன்னல் திறக்காது, ஏ.சி. காற்று முன்னால் இருப்பவர்கள் தாண்டித்தான் வரும். ஆனால் உங்கள் வீட்டில் பின்னால் உட்கார இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ந்து காலேஜ் போகும் வரை அந்த சீட் போதும். நடுவில் மூன்று பெரியவர்கள், முன்னால் நீங்களும் சாரும். உண்மையான சிக்கல் சாமான். பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் பழைய எர்டிகாவில் 135 லிட்டர் இடம்தான் மிஞ்சும். இரண்டு துணிப்பை, ஒரு தண்ணி கேன், அவ்வளவுதான். ஏழு பேரும் வேளாங்கண்ணிக்கு மூன்று நாள் போனால் பையை எல்லாம் மடியில்தான் வைக்க வேண்டும். இன்னோவாவிலும் எட்டு சீட்டையும் நிமிர்த்தினால் பெரிய இடம் ஒன்றும் இல்லை என்பதைச் சாரிடம் சொல்லுங்கள். ஆனாலும் எர்டிகாவைவிட மேல்.

இன்னொரு விஷயம் ஏற்றம். எர்டிகா டீசலில் இருப்பது 1,248 சி.சி. இன்ஜின், ஸ்விஃப்ட், டிசையரில் எல்லாம் ஓடிய அதே ஃபியட் வழி இன்ஜின். ஏழு பேரோடு ஆழியாறு தாண்டி வால்பாறைக் கொண்டை ஊசிகளில் ஏறும்போது, 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே விட்டால் டர்போ பிடிக்காமல் வண்டி திணறும். இரண்டாம் கியரில் வைத்து இழுக்கத் தெரிய வேண்டும். இன்னோவா 2,494 சி.சி.; அதைப் பற்றி யோசிக்காமலே ஏறிவிடும். நெல்லியாம்பதியும் வால்பாறையும் மாசாமாசம் போகிற வீடாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பழனி சமவெளி. கோயமுத்தூரும் சமவெளி.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். மாசம் 700 கிலோமீட்டருக்கு, இன்னோவா லிட்டருக்குப் பதினொன்று என்று வைத்தால் 64 லிட்டர். எர்டிகா பதினேழு என்றால் 41 லிட்டர். 23 லிட்டர் வித்தியாசம், மாசம் இரண்டாயிரத்துக்கு மேல். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 2022 ஜூனில் வைத்த கட்டணப்படி 1,500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய், 1,000 முதல் 1,500 வரை 3,416, இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. டயரும் பிரேக்கும் எல்லாம் இன்னோவாவுக்கு ஒரு படி மேலேதான். டீசல் தமிழ்நாட்டில் சில ரூபாய் குறைவு என்று வேலந்தாவளம் தாண்டிப் போய் டாங்க் நிரப்புகிறவர்கள் நம்மில் நிறைய. 2023 ஏப்ரலில் கேரளா லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டபிறகு அது இன்னும் கூடியது. ஆனால் அதற்கென்றே போய் வந்தால் போன டீசலுக்கு வந்த லாபம் சரி.

எர்டிகாவைப் பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில், விற்கிறவரிடம் காலையில் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜின் ஒரே சாவியில் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒன்றிரண்டு விநாடி சங்கிலி சத்தம் மாதிரி முன்பக்கம் கலகலவென்றால், அந்த இன்ஜினில் டைமிங் செயின் தளர ஆரம்பித்திருக்கலாம். ஆயில் மாற்றாமல் இழுத்த வண்டியில் அது சீக்கிரமே வரும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை நின்று நின்று வந்தால் இன்ஜெக்டர். கரும்புகை ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம். நீலப் புகை, ஆயில் எரிகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி மேலே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால், அல்லது குப்குப்பென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஹெட் இறக்கி வேலை பார்க்கிற செலவு வரும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருக்க வேண்டும். வெறும் தண்ணி, துருக்கலர் தண்ணி, மேலே ஆயில் மிதக்கிற தண்ணி, மூன்றும் மூன்று விதமான கெட்ட செய்தி.

கிளட்சைப் பார்க்க ஒரு சுலப வழி. நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி, வண்டி வேகம் அதோடு ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிறகு ஒரு வேகத்தடை நிறைந்த ரோட்டில் ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்து ஓட்டுங்கள். எங்கள் பக்கத்து ரோடுகளில் அதற்குத் தேடிப் போக வேண்டியதில்லை. முன்னால் டொக்டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது கடகடவென்றால் ஆக்சில் ஜாயிண்ட்.

இன்னோவாவையும் சார் விடமாட்டேன் என்றால், அதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு. 2.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட். ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போகும். டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு லைட் எரியும், அதை அணைத்துவிட ஒரு நிமிஷம் போதும். அதனால் லைட்டை நம்பாதீர்கள், மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனரோடு சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பின்சக்கர இழுவை வண்டி என்பதால் அறுபது எழுபது வேகத்தில் கீழே நடுங்கினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ். ஆக்சிலேட்டர் விட்டுவிட்டுப் பிடிக்கும்போது பின்னாலிருந்து ஊளை வந்தால் கிரவுன் பினியன். முன்பக்க லோயர் பால் ஜாயிண்டைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

மீட்டர் 1,38,000 என்கிறார்கள். டீசல் இன்னோவா வாங்குகிறவர் சும்மா நிறுத்தி வைக்க வாங்குவதில்லை. வருஷம் பதினைந்தாயிரம் என்றாலே இரண்டு லட்சம் தாண்டியிருக்க வேண்டும். குறைவாக ஓடிய வண்டிகள் இல்லாமல் இல்லை, ஆனால் நிரூபிக்க வேண்டியது விற்கிறவர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பர் கொடுத்துக் கேட்டால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பெரும்பாலும் சொல்வார்கள். கதவுத் தூணில், பானட் அடியில் பழைய ஆயில் சேஞ்ச் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மீட்டரைக் குறைக்கிறவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிடுவார்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் வலது விளிம்பு உட்கார்ந்துபோய், ஸ்டியரிங் பளபளத்து இருந்தால் அந்த உடம்பு சொல்கிற கணக்கு மீட்டர் கணக்கைவிட உண்மை. புதுப் பெடல் ரப்பரும் புது ஸ்டியரிங் கவரும் அதைவிடச் சந்தேகம்.

டி போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடி, வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்றும் பாருங்கள். மேலே கேரியர் மாட்டிய ஓட்டை, ஆக்சிலேட்டர் பக்கத்தில் ஸ்பீடு கவர்னர் இருந்த வயர், நடு சீட்டில் மட்டும் அதிகத் தேய்மானம், இவையெல்லாம் தடயம். டாக்ஸியாக ஓடியது ஒன்றும் பாவம் இல்லை. சபரிமலை சீசனில் ராத்திரி பகலாக ஓடினாலும் நேரத்துக்கு ஆயில் மாற்றிய டாக்ஸி, வீட்டில் நின்றே பேட்டரி செத்த வண்டியைவிட நன்றாக இருக்கும். டாக்ஸி என்று தெரிந்து அதற்கான விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கேரளா வண்டி வாங்கும்போது ஒரு பயம் கூடுதலாக வேண்டும், அது தண்ணி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலப்புழா, எர்ணாகுளம், திருச்சூர் பக்கம் முழுகிய வண்டிகள் பல கழுவித் துடைத்து வேறு ஜில்லாவுக்கு வந்தன. உங்கள் எர்டிகா 2014, அதற்கு முன்னால் பிறந்தது. பாலக்காட்டுப் பதிவு என்பதால் மட்டும் பாலக்காட்டிலேயே இருந்தது என்று ஆகிவிடாது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துக் கடைசி அரையடியைப் பாருங்கள். சேற்றுக் கறை கோடாக நிற்கும். கார்பெட் அடி, சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவுங்கள். ஜன்னலை ஏற்றி ஏ.சி. போட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அது எதற்கு என்று யோசியுங்கள். முழுகிய வண்டி ஓடும். வயரிங் மட்டும் மழைக்காலத்துக்கு மழைக்காலம் ஒவ்வொரு இடமாகச் சாகும், எந்த எலக்ட்ரீசியனாலும் முழுசாக முடித்துத் தர முடியாது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அடி பட்டதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட, கதவுகளைத் திறந்து தூண்களில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று விரலால் தடவினால் தெரியும். பானட்டுக்கு அடியில் இரண்டு பக்க ஏப்ரானும் (உள்பக்கத் தகடும்) ஒரே மாதிரி இருக்க வேண்டும். பம்பர், கதவில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருப்பதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம். நம் ஊர் சந்துகளில் ஒரு கீறல் கூட இல்லாத பதினொரு வயசு வண்டியைத்தான் நான் இரண்டாவது தடவை பார்ப்பேன். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருஷம் 23வது வாரம். மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஆறு ஏழு வயசு தாண்டிய டயரில் பிள்ளைகளை வைத்து வேகமாகப் போகாதீர்கள். ஏர்பேக் இருக்கிறதா என்றும் ஸ்டியரிங்கில் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து கீழ் மாடல்கள் பலவற்றுக்கு இல்லை, இன்னோவாவுக்கும் சேர்த்துத்தான்.

வேறு வண்டிகள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கன்சல்டிங்காரர் கட்டாயம் இழுப்பார். டவேரா மலிவாகக் கிடைக்கும், மூன்றாம் வரிசை அகலம். ஆனால் அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டது, பார்ட்ஸ் தேடி அலைய வேண்டும். அதற்கு முன்னாலேயே 2013இல் ஒரு லட்சத்துக்கும் மேல் டவேராக்களைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. சைலோ இடத்துக்கு ராஜா, விலைக்கும் நல்லது, கேபின் சத்தம் அதிகம். உங்கள் பக்கத்தில் நல்ல மஹிந்திரா மெக்கானிக் இருந்தால் மட்டும். ஈக்கோ ஏழு சீட் பெட்ரோல் வாங்கவும் வைத்துக்கொள்ளவும் மலிவு, ஆனால் 2016இல் குளோபல் என்.கேப் மோதல் சோதனையில் பூஜ்ஜியம் வாங்கியது. ஹைவேயில் பிள்ளைகளோடு போகிற வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். டெல்லி நம்பர் இன்னோவா ஒன்றரை லட்சம் குறைவு என்று யாராவது காட்டினால், அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருஷக் கட்டுப்பாடு வந்ததால்தான் அந்த விலை. அங்கிருந்து என்.ஓ.சி. வருவதும் இங்கே நம்பர் ஏறுவதும் முழுக்க உங்கள் பாடு. குவாலிஸை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். 2005க்குப் பிறகு அது வரவில்லை, எல்லாமே 20 வயசு தாண்டிவிட்டது.

எர்டிகா பெட்ரோலும் தேடிப் பார்க்கலாம். நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு அதுவே சரியான வண்டி. மாசம் எழுநூறு கிலோமீட்டருக்கு இன்ஜெக்டரும் டர்போவும் உள்ள வண்டியைப் பராமரிப்பதில் லாபம் இல்லை. பாலக்காடு, ஒற்றப்பாலம் பக்கம் 1.4 பெட்ரோல் கிடைத்தால், டீசலைவிட நாற்பது ஐம்பதாயிரம் கூடுதல் என்றாலும் யோசிக்காமல் எடுங்கள். அது கிடைக்கும் வரை காத்திருக்கவும் உங்களால் முடியும். வேகன்ஆர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

விலை: 5.40க்கு நான் 4.90இலிருந்து தொடங்குவேன், டயர் நாலும் நன்றாக இருந்து சர்வீஸ் பில் வரிசையாக இருந்தால் 5.10 வரை போவேன். ஆறு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. வாங்கிய முதல் மாசமே எல்லா ஆயில்களும், எல்லா ஃபில்டர்களும், கூலன்ட், பிரேக் ஃபுளூயிட், ஃபேன் பெல்ட், பேட்டரி பழசென்றால் பேட்டரி, இவ்வளவையும் மாற்றிவிடுங்கள். விற்கிறவர் போன மாசம்தான் மாற்றினேன் என்றாலும் மாற்றுங்கள். இதற்கும், பெயர் மாற்றத்துக்கும், ஒரு எதிர்பாராத வேலைக்கும் சேர்த்து எழுபதாயிரம் ரூபாய் ஒதுங்கி இருக்கட்டும். பேங்க் லோன் போட நினைத்தால், பத்து வயசு தாண்டிய வண்டிக்குப் பேங்குகள் தயங்கும், தனியார் ஃபைனான்ஸில் வட்டி ஏறும். சொசைட்டியில் நகை வைத்தாலும் அதைவிடக் குறைவாக வரும்.

இன்ஷூரன்ஸில் விற்கிறவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது. வேகன்ஆரை விற்றால் உங்கள் போனஸை எர்டிகாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்த லெட்டரைக் கேட்டு வாங்குங்கள். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆர்.சி. மாறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விற்கிறவர் தன் ஃபாஸ்டேக்கைக் கிழித்து கணக்கை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தடவை வாளையாறு பக்கம் பாம்பாம்பள்ளம் டோலில் நீங்கள் நிற்கும்போது அவர் பணம் போகும், அவர் போன் செய்வார்.

வண்டியைக் கையில் வாங்கும்போது டெலிவரி நோட் ஒன்று இரண்டு காப்பி எழுதுங்கள். வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதி, மணி நிமிஷம் வரை. இரண்டு பேரும் கையெழுத்து, இரண்டு சாட்சி. அந்த நிமிஷம் வரை கேமராவில் விழுந்த அபராதம் அவருடையது, அதற்குப் பிறகு உங்களுடையது. பணத்தை அக்கவுண்டில் போடுங்கள், அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் அக்கவுண்டில். புரோக்கர் அக்கவுண்டில் வேண்டாம். இரண்டு சாவியும் வாங்குங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் அந்தச் சாவியின் செலவையும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுங்கள்.